ஒரே ஃபைலை மூன்று இடத்துக்கும் அனுப்பினேன், பதிலே இல்லை

கேள்வி: நான் நுண்ணுயிரியலில் முதுகலை முடித்தவள். உணவுப் பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு லேபில் 2017 முதல் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2023-இல் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் வீட்டோடு இருந்தேன். இப்போது மறுபடியும் வேலை தேடுகிறேன். ஒரு தனியார் நிறுவனம் ரெஸ்யூமேயும் கவர் லெட்டரும் கேட்டது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்தில் சி.வி. கேட்டார்கள். ஒரு பொதுத்துறை அமைப்பு தன்னுடைய படிவத்தை நிரப்பச் சொல்லி, தகுதிகளை விளக்கி ஓர் அறிக்கையும் எழுதச் சொன்னது. என்னிடம் இருந்த நாலு பக்க பயோடேட்டாவையே மூன்றுக்கும் அனுப்பினேன். படிவத்தில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று போட்டுவிட்டேன். எங்கிருந்தும் பதில் வரவில்லை. இவையெல்லாம் ஒன்றுதானே, பேர்தானே வேறு? இரண்டு வருட இடைவெளியை எப்படி மறைப்பது? பழைய லேபில் சாம்பிள்களின் லேபிள் மாறிப்போய், மாதம் இருபது முறையாவது பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நான்தான் ஷிஃப்டுக்கு ஒரு நிறம் என்று லேபிள் வைத்து, பதிவேடு ஒன்றைத் தொடங்கினேன். அதன் பிறகு மாதம் ஐந்தாறுதான். இப்படி வேலை தெரிந்தவளையே யாரும் கண்டுகொள்ளவில்லையே!

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு வாசகிக்கு,

உங்கள் கடிதத்தையும் கூடவே அனுப்பியிருந்த பயோடேட்டாவையும் படித்தேன். கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன். ஷிஃப்டுக்கு ஒரு நிறம் வைத்து, இருபதை ஐந்தாறாகக் குறைத்தீர்களே, கடிதம், பயோடேட்டா இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று தோன்ற வைப்பது அந்த ஒரு செய்திதான். அது பயோடேட்டாவில் எங்கேயும் இல்லை. அங்கே இருப்பது "தரக் கட்டுப்பாட்டுப் பணிகள் அனைத்துக்கும் பொறுப்பு வகித்தேன்" என்கிற ஒற்றை வரி. அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு எல்லாம் முதல் பக்கத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. வேலை அனுபவம் மூன்றாவது பக்கத்தில்தான் எட்டிப் பார்க்கிறது.

பேர்தான் வேறா என்று கேட்டீர்கள். வாசிக்கிற ஆளே வேறு. ரெஸ்யூமேயைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் ஹெச்.ஆர். ஊழியர். அவர் முன்னால் இன்னும் நூறு ரெஸ்யூமே இருக்கும். இவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாமா, வேண்டாமா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். சி.வி.யைப் பார்க்கும் பேராசிரியருக்கு உங்கள் துறை தெரியும். எந்த முறையைக் கையாண்டிருக்கிறீர்கள், என்ன ஆய்வு செய்தீர்கள், யாரிடம் செய்தீர்கள் என்று ஆற அமரப் படிப்பார். பொதுத்துறைப் படிவத்தை மதிப்பிடுபவர் கையில் தகுதிப் பட்டியலும் மதிப்பெண் தாளும் இருக்கும். ஒவ்வொரு தகுதிக்கும் ஆதாரம் காட்டியிருக்கிறீர்களா என்று பார்த்து மார்க் போடுவார். இந்த மூன்று பேருக்கும் ஒரே ஃபைலைக் கொடுத்தால் மூன்று பேருமே தமக்கு வேண்டியதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். தேடச் சொன்னால் யாரும் தேட மாட்டார்கள்.

ரெஸ்யூமேயில் ஆரம்பிப்போம். ஒரு பக்கம் போதும்; உங்கள் அனுபவத்துக்கு இரண்டு பக்கம் வரை போகலாம். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018-இல் ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தது. முதல் பார்வைக்கு ஒரு ரெஸ்யூமேக்குச் சராசரியாக 7.4 விநாடிதான் கிடைத்தது. அந்த நேரத்தில் கண்ணில் பட வேண்டியவை உங்கள் கடைசிப் பதவி, வேலை பார்த்த இடம், ஆண்டுகள், உருப்படியாகச் செய்த ஒன்றிரண்டு காரியங்கள். உங்கள் ஃபைலில் அந்த ஏழு விநாடியும் அப்பா பெயரிலேயே செலவாகிவிடுகிறது. "பொறுப்பு வகித்தேன்" என்ற வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: "ஷிஃப்ட் வாரியாக நிற லேபிளும் பதிவேடும் கொண்டுவந்து, லேபிள் குழப்பத்தால் நேர்ந்த மறுபரிசோதனைகளை மாதம் சுமார் 20-லிருந்து 6-க்குள் குறைத்தேன்." பொறுப்பு எல்லோருக்கும் இருந்திருக்கும். உங்களால் என்ன மாறியது என்பதைத்தான் ரெஸ்யூமே சொல்ல வேண்டும்.

ரெஸ்யூமேயை அடுக்குவதில் மூன்று பாணிகளைச் சொல்வார்கள். கடைசி வேலையை முதலில் போட்டு ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் போவது ஒன்று. ஆண்டுகளை ஓரங்கட்டிவிட்டுத் திறமைகளை மட்டும் தலைப்பு தலைப்பாகத் தருவது இன்னொன்று. இரண்டையும் கலந்து, மேலே நாலு வரியில் திறமைகள், கீழே ஆண்டுவாரி என்று வைப்பது மூன்றாவது. இடைவெளி உள்ளவர்களுக்கு இரண்டாவதை யாராவது சிபாரிசு செய்வார்கள். கேட்காதீர்கள். தேதி இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்தவுடனே ஆள் எடுப்பவருக்கு வரும் முதல் சந்தேகம், எதை மறைக்கிறார் என்பதுதான். மறைக்க நினைத்த இடைவெளியை நீங்களே சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டியது மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு மூன்றாவது பாணி பொருந்தும்.

இடைவெளி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைக்க வேண்டாம். "2023–2025: குடும்ப உறுப்பினரின் முழுநேரப் பராமரிப்பு" என்று ஆண்டுவரிசையில் மற்ற வேலைகளைப் போலவே ஒரு வரி போடுங்கள். அம்மாவுக்கு என்ன நோய், எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்ற விவரம் எதற்கும் தேவையில்லை. அந்த இரண்டு ஆண்டில் துறை சார்ந்து ஏதாவது படித்திருந்தால், ஆன்லைன் வகுப்பானாலும் சரி, அதையும் அடுத்த வரியில் சேருங்கள். இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். லிங்க்ட்இன் தளமே 2022-இல் பணி இடைவெளியைக் காரணத்தோடு குறிக்கத் தனிப் பகுதி கொடுத்துவிட்டது. இன்டர்வியூவில் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

சி.வி. என்ற பேரில்தான் குழப்பம் அதிகம், அது உங்கள் தவறில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் சி.வி. என்றால் கல்வி, ஆய்வு, மருத்துவம் ஆகிய துறைகளில் கேட்கும் நீண்ட ஆவணம். படிப்பு, ஆய்வேடு, வெளியான கட்டுரைகள், கருத்தரங்குகள், கற்பித்த பாடங்கள், பெற்ற நிதி எல்லாம் விடாமல் இருக்கும். மூத்த பேராசிரியர் ஒருவருடையது இருபது பக்கம் போனாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஒரு சாதாரணக் கம்பெனி சி.வி. கேட்டால் அது இரண்டு பக்க ரெஸ்யூமேயைத்தான் குறிக்கும். ஆஸ்திரேலியாவில் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியம் யூரோபாஸ் என்று ஒரு பொது சி.வி. வடிவமே வைத்திருக்கிறது, அதற்கென்று இருக்கும் இணையதளத்தை 2020-இல் புதுப்பித்தார்கள். ஆக, அந்தப் பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேட்பது கம்பெனியா பல்கலைக்கழகமா, எந்த நாடு, பக்க வரம்பு சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் கேட்டது பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம். ஆகவே நீண்ட சி.வி.தான். அதில் உங்கள் முதுகலை ஆய்வேட்டின் தலைப்பும் வழிகாட்டியின் பெயரும் வர வேண்டும். பயோடேட்டாவில் இரண்டுமே இல்லை. கையாண்ட முறைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, ஈஸ்ட்–பூஞ்சை எண்ணிக்கை, சால்மொனெல்லா கண்டறிதல், பி.சி.ஆர். செய்திருந்தால் அது. லேப், பரிசோதனைக் கூடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், தணிக்கையின்போது நீங்கள் எந்தப் பகுதியைக் கவனித்தீர்கள் என்பதும் முக்கியம். லேபிள் கதை இங்கேயும் வரலாம், ஆனால் வேறு வேஷத்தில்: சாம்பிள் வந்து சேர்வதிலிருந்து முடிவு வெளியாகும் வரை அதன் தடத்தைக் காக்கும் பதிவு முறையை வகுத்தவர் என்று. ஆய்வுத் திட்டம் நடத்துபவருக்கு அந்தப் பொறுமை உள்ளவர்தான் வேண்டும். கட்டுரை எதுவும் வெளியிடவில்லையே என்று தயங்காதீர்கள். திட்ட உதவியாளர் வேலைக்குப் பல இடங்களில் அதை எதிர்பார்ப்பதில்லை. காலியான தலைப்பைப் போட்டு "இல்லை" என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது படிவம். மூன்றிலும் உங்களுக்கு அதிக நஷ்டம் இதில்தான். "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதிய கட்டத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். மதிப்பிடுபவர் கடுமையானவர் என்பதால் அப்படி ஆகவில்லை. எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கட்டம், ஒரே அளவுகோல் என்பதுதான் படிவத்தின் நோக்கமே. இணைப்பைத் திறந்து உங்களுக்கு மட்டும் தேடிக் கொடுத்தால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். பல அமைப்புகளில் இணைப்பு மதிப்பிடுபவரின் கைக்குப் போவதே இல்லை. பெயரையும் வயதையும் மறைத்துவிட்டுப் படிவத்தின் விடைகளை மட்டும் அனுப்பும் வழக்கமும் உண்டு.

அறிக்கையை எழுத உட்காரும்போது வேலை அறிவிப்பின் தகுதிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயத் தகுதி, விரும்பத்தக்க தகுதி என்று பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டாயத் தகுதிக்கும் ஒரு பத்தி, அதே வரிசையில், அவர்கள் வைத்த தலைப்பிலேயே. "குழுவாகச் செயல்படும் திறன் கொண்டவள்" என்று சொல்வது ஆதாரமாகாது. நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்குச் சூழல், பணி, செயல், விளைவு என்று நாலு படி வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் அரசுப் பணியில் இந்த மாதிரி ஒவ்வொரு விடைக்கும் 250 சொல்தான் வரம்பு, அதையே நீங்களும் அளவாக வைத்துக்கொள்ளலாம். "பிரச்சினைகளைத் தீர்க்கும் திறன்" என்ற தகுதிக்கு உங்கள் லேபிள் கதையை இப்படி எழுதலாம்:

"மூன்று ஷிஃப்டுகளின் சாம்பிள்கள் ஒரே குளிர்பெட்டிக்கு வந்தன. கையெழுத்து லேபிள் ஈரத்தில் அழிந்ததால் மாதம் சுமார் 20 பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மறுபரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் ஆகும். அதுவரை சரக்கு வெளியேற முடியாது. எந்த ஷிஃப்டில் குழப்பம் அதிகம் என்று குறித்து வைத்தேன். ஷிஃப்டுக்கு ஒரு நிறத்தில் நீர்புகா லேபிளும், சாம்பிளைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திடும் பதிவேடும் வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். இரவு ஷிஃப்ட் ஊழியர்கள் கூடுதல் வேலை என்று தயங்கினார்கள். அவர்களோடு உட்கார்ந்து பதிவேட்டைச் சுருக்கினோம். அதன் பிறகு மறுபரிசோதனை மாதம் ஐந்து, ஆறுக்கு மேல் போகவில்லை."

குளிர்பெட்டி, ஈரம், இரவு ஷிஃப்ட் தயக்கம் இவற்றையெல்லாம் நான் ஊகித்துத்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு உண்மையில் நடந்ததை அந்த இடங்களில் வையுங்கள். ஊகத்தை அப்படியே அனுப்பிவிட்டால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சாட்ஜிபிடி மாதிரிக் கருவிகளை வைத்து எழுதுபவர்களுக்கும் இதே ஆபத்துதான்: இலக்கணத்தைத் திருத்த அது நல்ல துணை, உங்கள் லேபில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதிவிடும்.

கவர் லெட்டருக்கு வருகிறேன். உங்களுடையது "மதிப்புக்குரிய ஐயா, இத்துடன் என் பயோடேட்டாவை இணைத்துள்ளேன், தயவுசெய்து பரிசீலிக்கவும்" என்று முடிந்துவிட்டது. அது உறை மேல் ஒட்டும் சீட்டு. 1482-ஐ ஒட்டி, லியனார்டோ டா வின்சி மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். உலகின் முதல் ரெஸ்யூமே என்று அதைப் பலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது சுத்தமான கவர் லெட்டர். தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கி, கவச வண்டி என்று எண் போட்டு அடுக்குகிறார். சிற்பமும் ஓவியமும் கடைசியில் போகிற போக்கில் வருகின்றன. கடிதம் பெறுபவருக்குப் போர்ப் பயம். அவருக்கு எது வேண்டுமோ அதை முதலில் வைத்தார். கவர் லெட்டரில் நீங்களும் செய்ய வேண்டியது அவ்வளவுதான். நாலு பத்தி, ஒரு பக்கத்துக்குள். எந்த வேலைக்கு என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அவர்கள் அறிவிப்பில் வலியுறுத்தியிருக்கும் ஒரு தேவையை எடுத்து, அதற்கு உங்கள் அனுபவத்தில் என்ன பதில் இருக்கிறது என்று ஒரு பத்தி. இந்த நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பத்தி. "புகழ்பெற்ற தங்கள் நிறுவனம்" என்று எல்லோருக்கும் எழுதுகிற வாக்கியம் வேண்டாம். எப்போது சேர முடியும் என்பதோடு முடித்துவிடுங்கள். ரெஸ்யூமேயில் இருப்பதை உரைநடையில் திரும்ப எழுதினால் அது வீண் பக்கம்.

பயோடேட்டா என்பது பல நாடுகளில் வேலைக்கு யாரும் கேட்காத ஆவணம். அதில் இருக்கும் குடும்ப விவரங்கள் உங்கள் வேலைத் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பாரபட்சத்துக்கு மட்டும் வழி திறந்து வைக்கின்றன. இது வெறும் பயமில்லை. பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 போலி ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றாகவே இருந்தும், வெள்ளையர் பெயர் என்று தோன்றியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் என்று தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. பெயருக்கே இந்தக் கதி என்றால் மதத்தையும் திருமண நிலையையும் நாமே எழுதிக் கொடுப்பானேன்? படிவமே கேட்டால் நிரப்புங்கள். கேட்காத இடத்தில் நீங்களாக எழுதாதீர்கள். போட்டோவுக்கும் இதே விதிதான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றிலும் ஒட்டக்கூடாது, ஜெர்மனியில் கட்டாயம் இல்லாவிட்டாலும் இன்னும் பலர் சேர்க்கிறார்கள், ஜப்பானின் வழக்கமான படிவத்தில் போட்டோவுக்கே கட்டம் உண்டு. அங்கேகூட 2021-இல் அரசு வெளியிட்ட மாதிரிப் படிவத்தில் பாலினத்தை எழுதுவது விருப்பத்துக்கு விடப்பட்டது.

பரிந்துரையாளர்களை ரெஸ்யூமேயில் எழுத வேண்டியதில்லை. "கேட்டால் தருகிறேன்" என்ற வரியும் வேண்டாம், அது தெரிந்ததுதான். பல்கலைக்கழகச் சி.வி.யில் மட்டும் இரண்டு பேரைக் குறிப்பிடுங்கள். நீங்கள் பயோடேட்டாவில் போட்டிருக்கும் பழைய மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிட்டீர்களா? இரண்டு ஆண்டு தொடர்பில்லாதவருக்குத் திடீரென்று போன் போனால் "யார் அந்தப் பெண்?" என்று யோசிப்பார். இரண்டு மூன்று வாரம் முன்னதாக வேலை அறிவிப்பையும் புதிய சி.வி.யையும் அனுப்பி, லேபிள் மாற்றத்தைப் பற்றி ஒரு வரி சொல்ல முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒன்று. பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமே முதலில் போவது ஒரு மென்பொருளுக்குள். அது எழுத்துகளைப் பிரித்தெடுத்துச் சேமிக்கும், ஹெச்.ஆர். பிறகு சொல் போட்டுத் தேடுவார். நீங்கள் டேபிள் போட்டுப் பக்கத்தை இரண்டு நெடுவரிசையாக அமைத்திருக்கிறீர்கள். சில மென்பொருள்கள் அதை இடமிருந்து வலமாக ஒரே வரியாக வாசித்து, பதவியையும் பொழுதுபோக்கையும் கலந்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு: பிடிஎஃப் ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலையாமல் வந்தால் சரி. தமிழில் எழுதிய ஃபைல் என்றால் யூனிகோடில் இருக்கட்டும். பழைய ஃபாண்டுகளில் அடித்தது அங்கே புரியாத குறிகளாக மாறியிருக்கும். "ஐஎஸ்ஓ 17025" போன்ற சொற்களை அறிவிப்பில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள், உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றை மட்டும்.

மூன்றையும் புதிதாக எழுத ஒரு தாய் ஃபைல் வைத்துக்கொள்வது நல்லது. யாருக்கும் அனுப்பாத, பக்கக் கணக்கில்லாத, செய்த எல்லா வேலையும் தேதியோடு எழுதிய ஃபைல். அதிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் வேண்டியதை எடுத்து வெட்டி ஒட்டலாம். உங்கள் பயோடேட்டாவில் வேலையை விட்ட மாதம் ஓர் இடத்தில் மே என்றும் இன்னோர் இடத்தில் ஜூன் என்றும் இருக்கிறது. பழைய நிறுவனம் கொடுத்த பணி விடுவிப்புச் சான்றிதழை எடுத்து எது சரி என்று பார்த்து, தாய் ஃபைலில் முதலில் அதைத் திருத்துங்கள். சான்றிதழ் சரிபார்க்கும் கட்டத்தில் ஒரு மாத வித்தியாசத்துக்காகக்கூட வேலை ஆணை நிற்கும்.